மூன்று பேர் என்றார்கள்

முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
டொங்காட் தபால் நிலையம், பிப்ரவரி,
கரும்பாலை மூடிக்கிடக்கும் மாதத்து வெக்கை.
விசிறி நின்றதும்
அறை இன்னும் சிறியதாகிவிட்டது.

தேவைக்கு மேல் தபால்தலை ஒட்டிய பழுப்பு உறை.
அனுப்பியவர் பெயர் இல்லை.
ஓரம் பிளந்து, மேசையில்
ஒரு கரண்டி வெள்ளைத் தூள்.
மைதாவாக இருக்கலாம்,
குழந்தைப் பவுடராகவும் இருக்கலாம்.
அந்த இருக்கலாமை
வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான்
உள்ளே நுழையவேண்டும், எங்கள் வேலையில்.

முகமூடிக்குள் என் மூச்சு
வேறு யாரோ பின்னால் நிற்பது மாதிரி.
உறையை நகர்த்தவில்லை, முகரக் குனியவில்லை.
காலிக் குப்பைக்கூடையை மெல்லக் கவிழ்த்து மூடினேன்,
தூங்கும் பூனைமேல் கூடை வைப்பதுபோல.

மேலாளர் வரதன் சின்னப்பன்
ஜிக் பாட்டிலோடு நின்றார்,
கையில் ஊற்றிக்கொள்ளவா என்று.
வேண்டாம் ஐயா, தோல் வெந்துபோகும்.
சோப்பும் நிறையத் தண்ணீரும் போதும்.
சட்டையைத் தலைவழியே கழற்றாதீர்கள்,
முகத்தில் படும், வெட்டி எடுக்கிறேன்.
'தீபாவளிக்கு வாங்கியது' என்றார்.
கத்திரியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

கயிற்றுக்கு அப்பால் ஷங்காசே
அட்டையும் பேனாவுமாக:
அறையில் யார் யார் இருந்தீர்கள்?
மூன்று பேர் என்றார்கள்.
கவுன்டரில் பிரணீதா, கடிதம் பிரிக்கும் லயனல், மேலாளர்.
மூன்று வரியில் மூன்று பெயர்,
மூன்று தொலைபேசி எண்.

நான் தரையைப் பார்த்தேன்.
மேசைக்கடியில் தூள்
அரைவட்டமாக ஒதுங்கியிருந்தது,
நெருக்கமான சின்னக் கோடுகளோடு.
புல் துடைப்பத்தின் கோடு.

யார் பெருக்கியது?
ரேடியோ கரகரத்தது.
திரும்பக் கேட்டேன்.
பிரணீதா ஜன்னலைப் பார்த்தாளாம்.
மூன்றாம் முறைதான் வாய் திறந்தார் சின்னப்பன்:
'அது தோகோ.
இங்கே ஸ்டாஃப் இல்லை, கான்ட்ராக்ட்.'

கிருமி சம்பளச் சீட்டு பார்க்காது என்று
சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
முகமூடிக்குள் கோபப்பட்டால்
உருளையில் காற்று சீக்கிரம் தீரும்.

ந்த்வேத்வே போகும் மினிபஸ்
அதற்குள் இரண்டு கிளம்பியிருந்தன.
நிறுத்துங்கள் என்று ஷங்காசே
யாருக்கோ கத்திக்கொண்டிருக்க,
பின்முற்றத்துக் குழாயடியிலிருந்து
ஒரு குரல் வந்தது, ஸூலுவில்:
இங்கேதான் இருக்கிறேன்.

தோகோசிலே நனைந்து நின்றாள்.
பச்சை சன்லைட் கட்டி பாதி கரைந்திருந்தது.
துடைப்பத்தையும் ஏப்ரனையும்
குப்பைப் பைக்குள் போட்டு,
அதை இன்னொரு பைக்குள் போட்டு முடிச்சிட்டிருந்தாள்.
வாழைப்பழம் விற்கும் பெண்ணை
இருபதடி தள்ளியே நிற்க வைத்திருந்தாள்.
டிபி வார்டில் ஒன்பது வருடம் தரை துடைத்தவளாம்.

'பெருக்கக் கூடாது என்று தெரியும்.
பெருக்கு என்றார்.
கணக்கெடுக்க யாராவது வருவீர்கள் என்று
உட்காராமல் நிற்கிறேன்.'

ஷங்காசே அட்டையில் இடம் தேடினார்.
அச்சிட்ட கோடுகள் முடிந்திருந்தன.
ஓரத்தில், சாய்வாக எழுதினார்.

பதினோரு நாள் கழித்து
ஆய்வகத்திலிருந்து இரண்டு வரி:
எதுவும் வளரவில்லை.
என்ன தூள் என்று யாரும் எழுதவில்லை,
யார் அனுப்பியது என்றும்.

அந்தப் பதினோரு நாளும்
நால்வரும் காலையும் மாலையும்
காய்ச்சல் பார்த்துக்கொண்டார்கள்.
மூவருக்குச் சம்பளம் பிடிக்கப்படவில்லை.

அழித்த உடைமைகளுக்கு ஈடு கேட்கும் படிவம்
என் மேசையில் இருக்கிறது.
தீபாவளிச் சட்டை, ஒன்று, விலை நானூற்று ஐம்பது ராண்ட்.
அதன் கீழே என் கையெழுத்தில்:
பழுப்பு நிறச் செருப்பு, ஒரு ஜோடி,
இடது குதிகால் சணலால் தைத்தது.
விலை என்ற கட்டத்தில்
இன்னும் எதுவும் எழுதவில்லை.
அவளைத்தான் கேட்கவேண்டும்.